கீரையும் தக்காளியும் வீணாகாமல் கொள்முதல் செய்வது எப்படி?

மண்டியிலிருந்து தினமும் சரக்கு எடுக்கும் காய்கறிக்கடைக்காரர் இருப்பைக் கிலோக் கணக்கில் மட்டும் எழுதி வைப்பது போதாது. அது இன்னும் எத்தனை நாள் விற்கத் தக்கதாக இருக்கும் என்பதையும் அதே ஏட்டில் குறிக்க வேண்டும். கடையில் 20 கிலோ தக்காளி இருக்கிறது என்பதைக் கொண்டு நாளைய கொள்முதலைத் தீர்மானிக்க முடியாது. அதில் 8 கிலோ இன்றே விற்றாக வேண்டிய பழம், மீதி சில நாள் தாங்கும் செங்காய் என்று பிரித்து அறிந்தால்தான் முடியும். ஆகவே சரக்குத் தரும் மண்டி வியாபாரியிடம் தேவையைச் சொல்லும்போதும் எடையோடு பழுத்த நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வந்தது, விற்றது, கழித்தது ஆகிய மூன்றோடு, சரக்குத் தீர்ந்த நேரத்தையும் எழுதுவது அவசியம். காலை பத்து மணிக்கே 50 கட்டுக் கீரையும் விற்றுவிட்டால், அன்றைய தேவை 50 என்று கொள்ளக் கூடாது. அது 70 ஆகவும் இருந்திருக்கலாம். பெரும்பாலான கடை ஏடுகளில் இந்த ஒரு குறிப்புத்தான் இருப்பதில்லை.

கீரைக்கு ஆயுள் ஒரே நாள் என்பதால் அதன் அளவைக் கணக்கிட்டே முடிவு செய்யலாம். ஒரு கட்டை 12 ரூபாய்க்கு வாங்கி 20 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுக் குறைந்தால் 8 ரூபாய் லாபம் போகும். ஒரு கட்டு மிஞ்சி மாட்டுக்குப் போனால் 12 ரூபாய் நட்டம். 8-ஐ இவ்விரண்டின் கூட்டுத்தொகையான 20-ஆல் வகுத்தால் 0.4 வரும், அதாவது, பத்து நாளில் நான்கு நாள் தேவையை முழுமையாக ஈடுகட்டும் அளவே லாபகரமானது. முந்தைய பத்து நாள் தேவையை ஏறுவரிசையில் எழுதி, நான்காவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசையையும் முகூர்த்த நாள்களையும் இதில் கலக்காமல் தனியே வையுங்கள். மீதி ஆறு நாள் கீரை முன்னதாகவே தீர்ந்துபோகும் என்பதைக் கடைக்காரர்கள் எளிதில் ஏற்பதில்லை. அவர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு: கீரை கிடைக்காதவர் மற்ற காய்களையும் வாங்காமல் திரும்பினால், அந்த இழப்பையும் 8 ரூபாயோடு கூட்டியே வகுக்க வேண்டும்.

மிஞ்சிய கட்டுக்கு வியாபாரி 4 ரூபாய் திருப்பித் தர ஒப்புக்கொண்டால் கடையின் நட்டம் 8 ரூபாயாகக் குறையும், விகிதம் 0.5 ஆகும், கடை கூடுதலாக எடுக்கும். வியாபாரிக்கு அது கட்டுப்படியாகுமா என்பது அவருடைய அடக்க விலையைப் பொறுத்தது. கட்டுப்படியானாலும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திருப்பக் கூடாது என்பது போன்ற வரம்பை முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. இல்லாவிட்டால் கடைக்காரர் யோசிக்காமல் சரக்கெடுப்பார்.

தக்காளியில் தகராறு வருவது அழுகலால். பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்க்காமல் ஒரு பெட்டியையாவது முழுமையாகக் கொட்டிப் பார்த்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்து எழுதுங்கள். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் காட்டப்படும் அழுகல் வியாபாரியைச் சேரும், அதற்குப் பின் கடையைச் சேரும் என்பது போல ஒரு எல்லை இருந்தால் வாக்குவாதம் குறையும்; படம் எடுத்து அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். செங்காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் அது சரியாகப் பழுக்காது. பழுக்கும் தக்காளி வெளியிடும் எத்திலீன் வாயு கீரையை விரைவில் மஞ்சளாக்கும் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து அடுக்கக் கூடாது. அப்படி அடுக்கிக் கெட்ட கீரைக்கு வியாபாரியிடம் விலைக் கழிவு கேட்க முடியாது.