கப்பல் கால்வாய்க்கு மேல் பாலம்: உயரம், பைல், கரைமண்

மியான்மரில் யாங்கோன் ஆற்றையும் ஐராவதிப் படுகையையும் இணைக்கும் துவாந்தே கால்வாய் போன்ற இடத்தில் பெரிய பாலம் கட்டுவதென்றால் முதலில் முடிவாக வேண்டியது உயரம். மழைக்கால வெள்ளமும் பௌர்ணமி, அமாவாசை ஓதமும் (கடலேற்றமும்) சேர்ந்து வரும் உச்ச நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அதற்கு மேல் கப்பலின் உயரத்தைச் சேருங்கள். சரக்கு இறக்கிய கப்பல் மிதந்து உயரும், ஆகவே வெறுங்கப்பலின் உயரமே கணக்கு. பிறகு இரண்டு மீட்டர் இடைவெளி. சூயஸ் பாலத்தில் 70 மீட்டர் விட்டது பெருங்கடல் கப்பல்களுக்காக. இங்கே அது வீண் செலவு. 4 சதவீதச் சரிவில், பாலம் ஒரு மீட்டர் உயர்ந்தால் இருபுறமும் சாலை 25 மீட்டர் நீளும்.

தூண்களைத் தண்ணீரில் இறக்காமல் கரையிலேயே, விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள். 1980-ல் ஃப்ளோரிடாவில் ஸ்கைவே பாலத் தூணில் கப்பல் மோதியதில் 35 பேர் இறந்தார்கள். கால்வாயைப் பிற்காலத்தில் அகலப்படுத்த நேர்ந்தாலும் தூண் தப்பும்.

படுகை மண் வண்டலும் களியும். தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் கம்பம்தான் பைல்; இங்கே துளையிட்டு வார்க்கும் பைல்தான் சரி. உறுதியான மணல் வரும்வரை இறங்க வேண்டும். துளையின் சுவரைத் தாங்க ஊற்றும் பென்ட்டோனைட் களிக்குழம்பின் மட்டம் துளைக்குள் வெளிநீரைவிட எப்போதும் ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே நிற்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வற்றத்தில் சரியாக இருந்த மட்டம் ஏற்றத்தில் போதாமல் போய், துளையின் சுவர் சரிகிறது. ஏற்றத்தின் உச்சத்தை வைத்தே கேசிங்கின் (துளையின் வாயில் இறக்கும் இரும்பு உறையின்) உயரத்தைத் தீர்மானியுங்கள். வார்க்கும்போது, கான்கிரீட்டை அடியில் கொண்டுசேர்க்கும் ட்ரெமி குழாயின் நுனி கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது புதைந்திருக்கட்டும். அவசரப்பட்டுக் குழாயை உருவினால் சேறு புகுந்து பைல் நடுவில் துண்டுபடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஒலியலைச் சோதனைக்கான குழாய்களைக் கம்பிக்கூட்டிலேயே கட்டிவிடுங்கள். உச்சியில் சேறு கலந்த பகுதியை உடைத்தெடுத்த பிறகே பைல் கேப், அதாவது பைல்களை மேலே இணைக்கும் கான்கிரீட் மேடை.

மேல்தளத்தைத் தூணிலிருந்து இருபக்கமும் சமமாக, 3 முதல் 5 மீட்டர்த் துண்டுகளாக நீட்டிப் போகலாம். கீழே சாரம் வேண்டாம், கப்பல் போக்குவரத்தும் நிற்காது. ஒருபக்கம் ஒரு துண்டுக்கு மேல் முந்தக் கூடாது. இரு பக்கத்தையும் இணைக்கும் நடுத்துண்டை விடியற்காலையில் வார்த்துவிடுங்கள். வெயிலில் தளம் வளைந்து இரு நுனிகளும் ஒட்டாது.

பாலத்துக்கு ஏறும் அணுகுசாலையை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதை முதலில் தொடங்குங்கள். களியில் நீரை வெளியேற்றும் வடிகால் பட்டைகளைச் செருகி, நவம்பரில் மண்ணைக் கொட்டிக் கூடுதல் சுமையோடு விட்டுவிட வேண்டும். மண்ணின் அமிழ்வு அடங்கும் முன்பே கரைத்தூணின் பைலை இறக்கினால், நகரும் மண் அதைக் கீழே இழுக்கும், பக்கவாட்டிலும் தள்ளும்.