திரைக்கு வெளியே ஒளிந்த விண்டோ

மூன்று நாளாக என் கணக்கு மென்பொருள் திறக்கும், ஆனால் கண்ணில் படாது. டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும். மேலே மவுஸை வைத்தால் குட்டிப் படமும் வரும். கிளிக் செய்தால் திரையில் ஒன்றுமில்லை.

ரீஸ்டார்ட் செய்தேன், அதே கதை. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன், வீண். விண்டோ கடைசியாக எங்கே இருந்தது என்பதை மென்பொருள் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அன்இன்ஸ்டால் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை.

கைகொடுத்தது இதுதான்: ஷிப்ட் விசையை அழுத்தியபடி டாஸ்க்பார் ஐகானில் வலது கிளிக். வரும் மெனுவில் 'மூவ்'. எனக்கு அது மங்கிக் கிடந்தது. விண்டோ மேக்ஸிமைஸ் ஆகியிருந்தால், அதாவது திரை முழுக்க விரிந்திருந்தால், அப்படித்தான். முதலில் 'ரீஸ்டோர்' கொடுக்க வேண்டும். பிறகு 'மூவ்', உடனே அம்புக்குறி விசையை ஒரு தட்டு. இந்தத் தட்டைத்தான் நானும் முதலில் விட்டுவிட்டேன். தட்டியதும் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்து வந்து கிளிக் செய்து இறக்கிவிடலாம்.

மறுநாள் மறுபடி மாயம்! அப்போதுதான் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மானிட்டரை ஸ்விட்சில் மட்டும் அணைத்திருந்தேன். எச்டிஎம்ஐ கேபிள் செருகியபடியே இருந்தது. கணினியைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு திரை; விண்டோ அந்த அணைந்த திரையில் போய்த் திறந்திருக்கிறது. விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி, 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' கொடுத்தேன். அப்பாடா, அதோடு சரி.