செயற்கைக்கோள் படத்தில் நிலத்தைப் பிரித்தறிய ஏஐ-யைப் பழக்குவது எப்படி?

ஒரு பகுதியின் செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்து, இதில் தண்ணீர் எது, பயிர் எது, கட்டடம் எது என்று கணினியையே சொல்ல வைக்கலாம். புவியியல் தரவில் ஏஐ பழக நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பேன். காசும் செலவில்லை, செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசித் தரும் கூகுள் எர்த் எஞ்சினில் வணிக நோக்கமில்லாத கணக்கு ஒன்று இருந்தால் பிரவுசரிலேயே முடித்துவிடலாம்.

முதலில் படம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. மொத்தம் 13 பேண்டுகள், அதாவது ஒளியின் ஒவ்வொரு அலைநீளப் பகுதிக்கும் ஒரு தனிப் படம். நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய நான்கில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். ஒரே நாள் படத்தை எடுத்தால் மேகம் கெடுத்துவிடும். சில மாதப் படங்களைச் சேர்த்து, மேகத்தை நீக்கி, பிக்சல்தோறும் மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை எடுங்கள்.

அடுத்து என்டிவிஐ, அதாவது நிலத்தின் பசுமையைக் காட்டும் ஓர் எண். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பசும் இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இலையில் பட்டுத் திரும்பும் ஒளியின் பங்கு அகச்சிவப்பில் 0.40, சிவப்பில் 0.05 என்றால் விடை 0.78 வருகிறது, தண்ணீரில் 0.02, 0.04 என்றால் மைனஸ் 0.33. இந்த இடைவெளியைத்தான் மாடல், அதாவது நாம் பழக்கப்போகும் ஏஐ, பிடித்துக்கொள்கிறது, அதனால் இதையும் ஒரு பேண்டாகச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் எது தண்ணீர், எது பயிர், எது கட்டடம் என்று மாடலுக்குக் காட்ட, ஒவ்வொரு வகைக்கும் படத்தின் மேல் சின்னச் சின்ன பாலிகன்கள் (பல பக்க எல்லைக்கோடுகள்) வரையுங்கள். தெளிந்த நீர், கலங்கிய நீர், தகரக் கூரை, கான்கிரீட் கூரை என்று எல்லா விதமும் வரட்டும்.

இப்போது சொல்லப்போவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பாலிகன்களுக்குள் இருக்கும் பிக்சல்களைக் கலைத்துப்போட்டு, 70 சதவீதம் பயிற்சிக்கு, 30 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், ஒரே வயலின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டு பக்கமும் போய்விடும். அருகில் இருப்பவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்று புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970-இலேயே எழுதியிருக்கிறார். ஆக மாடல் ஏற்கெனவே பார்த்த வயலையே மறுபடி பார்த்து மதிப்பெண் வாங்குகிறது, புது இடத்துக்குப் போனதும் தடுமாறுகிறது. வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சில கட்டங்களை முழுசாகச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், உண்மை நிலவரம் அதுதான்.

சரி, மாடல்? ரேண்டம் ஃபாரஸ்ட், அதாவது பல முடிவு மரங்கள் (கேள்வி கேள்வியாகக் கேட்டு வகையைத் தீர்மானிப்பவை) வாக்களித்து விடை சொல்லும் முறை; 100 மரங்கள், தொடக்கத்துக்கு அது போதும். ஓட்டி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், எந்த வகை எதோடு குழம்புகிறது என்று காட்டும் அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலும் தரிசு நிலமும் கட்டடமும்தான் மாட்டிக்கொள்ளும். பயிர் வளரும் மாதங்களின் படத்தைத் தனி பேண்டுகளாகச் சேர்த்தால், பச்சையாக மாறும் நிலம் கூரையிலிருந்து பிரிந்துவிடும். அப்படியும் தீராவிட்டால் அந்த மாதிரி இடங்களில் இன்னும் சில பாலிகன்கள் வரைந்து மறுபடி ஓட்டுங்கள், ஆனால் சோதனைக்கு ஒதுக்கிய கட்டங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.