உங்க ரிசர்ச் டேட்டாவ வேற துறைக்காரங்களுக்கு குடுக்கறது எப்படி?

மொதல்ல ஒரு ரீட்மீ (டேட்டாவ விளக்கற சின்ன ஃபைல்) எழுதுங்க, டேபிளோட ஒவ்வொரு நெடுவரிசையிலயும் என்ன இருக்கு, என்ன யூனிட், காலியா இருந்தா அளக்கலையா இல்ல பூஜ்யமான்னு எல்லாம் அதுல வரணும், ஏன்னா உங்களுக்கு "டெம்ப்"னா வெப்பநிலை, எக்கனாமிக்ஸ்காரருக்கு அது டெம்பரரி வேலை. சிஎஸ்வியா (கமா போட்டு பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைலா) குடுங்க, அத திரும்ப எக்ஸெல்ல தெறந்து சேவ் பண்ணிடாதீங்க, செப்ட்2ங்கற ஜீன் பேர அது செப்டம்பர் 2ன்னு தேதியாக்கிடும் (இந்தத் தொல்லையால 2020ல அந்த மாதிரி ஜீன் பேரையே மாத்துனாங்கப்பா!). மனுஷங்க டேட்டான்னா பேர எடுத்தா மட்டும் பத்தாது, பிறந்த தேதியும் பின்கோடும் சேந்தாலே பல சமயம் ஆள புடிச்சிடலாம். அப்புறம் ஸெனோடோங்கற ஆன்லைன் ரிசர்ச் களஞ்சியத்துல ஏத்துங்க, டிஓஐ (டேட்டாவுக்கான நிரந்தர அடையாள எண்) ஃப்ரீ. யாரு எப்படி பயன்படுத்தலாம்னு சொல்ற லைசென்ஸ் போடுங்க. விக்கறதுன்னா தான் சிக்கல், முழுசா காட்டுனா எவனும் வாங்கமாட்டான், காட்டலைன்னா நம்பமாட்டான், அதனால சாம்பிளா நூறு வரி மட்டும் காட்டுங்க.