கத்திரி வெயிலில் தோலின் காவலைக் காப்பது: வைட்டமின் சி, ஈ எப்படி, எவ்வளவு?

கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் பைக்கில் அலைபவர்கள் முகம் கறுப்பதைத்தான் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. தோலின் மேலடுக்கில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டால் இவை குறைகின்றன. தோல் சிவக்காத அளவு வெயிலே இதற்குப் போதும். அலைச்சலுக்குப் பிறகு சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் வரும். காவல் தளர்ந்ததும், அடங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் தலைதூக்குவதுதான் அது.

வெயில் தோலுக்குள் கிளப்பும், செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வைட்டமின் சி, ஈ இரண்டும் தணிக்கின்றன. கதிரைத் தடுப்பது அவற்றின் வேலையல்ல. ஆகவே 10 மணி முதல் 3 மணி வரை நிழல், முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன். இவற்றுக்குப் பிறகே வைட்டமின்.

முகத்தில் தடவும் வைட்டமின் சி சீரம் வாங்கினால் எல்-அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-தான்) 10 முதல் 20 சதவீதம், பிஎச் (அமிலத்தன்மை அளவு) 3.5-க்குக் கீழ் இருக்கிறதா பாருங்கள். பிஎச் அதற்கு மேல் போனால் தோலுக்குள் சரியாக இறங்காது. கூடவே 1 சதவீதம் வைட்டமின் ஈ, 0.5 சதவீதம் ஃபெரூலிக் அமிலம் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் நான்கைந்து துளி. சில நிமிடம் கழித்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி.

நம்மூர்ச் சூட்டில் சீரம் சீக்கிரம் கெடும். பைக் பெட்டியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆரஞ்சு, பழுப்பு நிறமானால் கொட்டிவிடலாம். எலுமிச்சைச் சாறு இதற்கு மாற்றே அல்ல. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

சாப்பாட்டில் தினம் ஒரு கொய்யா, ஒரு கைப்பிடி மல்லாட்டை (வேர்க்கடலை) சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி மாத்திரையைக் கிராம் கணக்கில் விழுங்கினால், வியர்த்துத் தண்ணீர் வற்றும் உடம்பில் சிறுநீரகக் கல் அபாயம்தான் மிச்சம்.

நிகோடினமைடு (வைட்டமின் பி3) தனிக் கதை. 2015-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள் ஓராண்டு தினம் இருவேளை 500 மி.கி. எடுத்தபோது புதிய புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. மற்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) மாத்திரைப் பக்கமே போகக் கூடாது, அவர்களுக்கு நுரையீரல் புற்று அபாயத்தை அது கூட்டுகிறது. முருங்கைக் கீரையில் கிடைக்கும் கரோட்டினுக்கு அந்தப் பயமில்லை.