அவுட்பேக் சாலையில் முதல் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களுக்கு, முதல் நீண்ட விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு 'அவுட்பேக்' எனப்படும் ஆள் நடமாட்டம் குறைந்த உள்நாட்டுப் பக்கம் போய்வர ஆசை வருவது இயல்பு. கட்டாயம் போங்கள். ஆனால் மேப் காட்டும் மணிக்கணக்கை மட்டும் நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். 800 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று அது சொல்லும். காலை எட்டுக்குக் கிளம்பி, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நின்று போனால், கடைசிப் பகுதியை இருட்டில்தான் ஓட்ட வேண்டிவரும்.

நான் பயப்படுவது அந்த இருட்டுக்குத்தான். கங்காருக்கள் பகலில் நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, அந்தி சாயும்போது மேயக் கிளம்பும். தார்ச்சாலையிலிருந்து வழியும் மழைநீரில் ஓரத்துப் புல் பச்சையாக இருக்கும். அதைத் தேடிச் சாலைக்கே வரும். ஹெட்லைட் வெளிச்சத்தில் எந்தப் பக்கம் தாவும் என்று சொல்லவே முடியாது. குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், நேராகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள். விலங்கைக் காப்பாற்றப் போய்க் கார் உருண்டால் உங்கள் உயிருக்கே ஆபத்து. விடியற்காலையும் இப்படித்தான். ஜூன் மாதம் அடிலெய்டில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன்பே தங்குமிடம் சேரும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினாலோ மண்சாலையில் இறங்கினாலோ காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

பெட்ரோலை அடுத்த ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. நாட்டின் நடுவே தெற்கு வடக்காகப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளெண்டம்போவை விட்டால் கூபர் பெடி வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. பாதி டேங்க் ஆனதும் கண்ணில் படும் பங்க்கிலேயே நிரப்பிவிடுங்கள்.

பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் லாரியை இங்கே 'ரோடு டிரெயின்' என்பார்கள். அது 53.5 மீட்டர் நீளம்கூட இருக்கும். எதிரே வெகுதூரம் வெறிச்சென்று தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

நல்லார்பார் சமவெளி வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் பழம், காய்கறி, தேன் எதையும் மிச்சம் வைக்க வேண்டாம். எல்லைச் சோதனைச்சாவடியில் எடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, செல்போனை நம்பிப் போவது. அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்தால் எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் இணைப்பு கிடைக்கும். எந்தச் சிக்னலுமே இல்லாத இடத்தில் அதுவும் உதவாது. அதனால் போகும் வழியையும் சேரும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரைத் தேவைக்கு மேலாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடக்கத் தொடங்காதீர்கள். தேடி வருகிறவர்கள் நடந்து போகும் மனிதரைவிட நிற்கும் காரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். வெயிலுக்கு நிழலும் அதுதான்.