டிவி தானாக ஆன் ஆகிறதா? எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

யாரும் ரிமோட்டைத் தொடாமலே டிவி ஆன் ஆனால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பின்னால் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ கேபிள்களை எல்லாம் ஓரிரு நாள் இரவில் கழற்றி வையுங்கள். டிவி அணைந்தே கிடந்தால் கோளாறு பெரும்பாலும் டிவியில் இல்லை. செட்டிங்ஸில் சிஇசி வசதியை, அதாவது இணைத்த கருவி டிவியை இயக்க விடும் வசதியை, அணைத்தால் போதும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆவது பின் (உலோக முனை) வழியாக, இணைத்திருக்கும் கருவி டிவிக்குக் கட்டளை அனுப்ப முடியும். செட்டாப் பாக்ஸோ கேம் கன்சோலோ அப்டேட்டுக்காக விழித்துக்கொள்ளும்போது சில நேரம் டிவியையும் எழுப்பிவிடுகிறது.

சவுண்ட்பார் வைத்திருந்தால் சிஇசியை அடியோடு அணைக்காதீர்கள். டிவி ரிமோட்டிலேயே அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது பல வீடுகளில் இதே வழியில்தான் நடக்கிறது. டிவியைத் தானாக ஆன் செய்யும் தேர்வு தனியாக இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள்.

கேபிளைக் கழற்றிய பிறகும் ஆன் ஆகிறதா? ஆன் டைமரைப் பாருங்கள், ரிமோட்டின் பேட்டரியை எடுத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் மட்டும் ஆன் ஆனால் இந்தக் குறிப்பு உதவாது. அதற்கான செட்டிங் வேறு.